கண்ணை மூடினால் கால் எங்கே?

முகத்துக்குச் சோப்பு போடக் கண்ணை மூடிய மாத்திரத்தில் சிலர் தள்ளாடி வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். பெர்லினில் மருத்துவராக இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க், 1840களில் எழுதிய நரம்பு நோய்கள் பற்றிய நூலில் இந்தத் தள்ளாட்டத்தைக் குறித்துவைத்தார். அவர் பார்த்த நோயாளிகளுக்கு முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புத் தடங்கள் கெட்டிருந்தன. அதற்குச் சிபிலிஸ்தான் காரணம் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவர்களுடைய கால் தசைகளில் பலம் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு நிற்கச் சொன்னால் நின்றார்கள், மூடச் சொன்னால் சாய்ந்தார்கள். இன்றைக்கும் நரம்பியல் மருத்துவர் நம்மைப் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரே, அது ரோம்பெர்க் பெயரால் வழங்கும் பரிசோதனைதான்.

நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது. ஒன்று கண். இன்னொன்று உட்காது, அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதையும், இரண்டு சிறு பைகள் தலையின் சாய்வையும் சொல்கின்றன. மூன்றாவது, தசை, தசைநார், மூட்டு, உள்ளங்கால் ஆகியவற்றிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் உணர்வு. இவற்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டை வைத்து ஒப்பேற்றிவிடலாம். மூன்றாவது ஏற்கெனவே போயிருக்கும்போது கண்ணையும் மூடினால் உட்காது மட்டுமே மிச்சம். அது தனியாகச் சமாளிக்காது.

அந்த மூன்றாவது உணர்வைப் பயிற்சியால் கூர்மையாக்க முடியுமா? பிசியோதெரபி மையங்களும் ஜிம்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் முடியும் என்றுதான் சொல்கிறார்கள். ஆடும் பலகை, அரைப்பந்து, பஞ்சுமெத்தை என்று அதற்கென்றே சாமான்கள் விற்கின்றன. அறுபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பயிற்சிக்குப் பலன் இருப்பது தெளிவாகவே தெரிகிறது. ஆனால் கூர்மையாவது அந்த உணர்வுதானா என்பது சந்தேகம்தான். வெறும் கோட்பாட்டுச் சந்தேகமாக இதை ஒதுக்கிவிட முடியாது. யார், என்ன பயிற்சி, எங்கே செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதற்கான விடையைப் பொறுத்தே மாறுகிறது.

முதலில் உணர்வைப் பற்றிக் கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறது, இருட்டில் மாடிப்படி ஏற முடிகிறது. கை கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல் 1826லேயே இதைத் தசையுணர்வு என்று பேசினார். 1906ல் சார்லஸ் ஷெரிங்டன் இதற்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டார். இந்தக் கட்டுரையில் மூட்டுணர்வு என்றே சொல்லிப்போகிறேன். அந்தப் பெயரில் ஒரு சிறு அநியாயமும் உண்டு, ஏனென்றால் இந்த உணர்வின் பெரும்பங்கு மூட்டிலிருந்து வருவதில்லை. தசைக்குள் கதிர் வடிவில் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை நீண்டால் அவை துடித்துச் சேதி அனுப்பும். 1972ல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டில் இதை நிரூபித்தார்கள். அசையாமல் வைத்திருக்கும் கையின் தசைநாரில் அதிர்வுக் கருவியை வைத்து அழுத்தினால், கண்ணை மூடியிருப்பவருக்குக் கை நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். அதே கையின் விரல் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் மூக்கு நீள்வதாகத் தோன்றும் என்று 1988ல் ஜேம்ஸ் லாக்னர் காட்டினார். கை நீள்கிறது, விரல் மூக்கை விட்டு விலகவில்லை, ஆகவே மூக்கு நீள்கிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது.

இந்த உணர்வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு மனிதர் போதும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் 1971ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் மூட்டுணர்வையும் முழுக்க இழந்தார். வலி தெரிந்தது, சூடு குளிர் தெரிந்தது, தசைகளை அசைக்கவும் முடிந்தது. ஆனால் கை எங்கே கிடக்கிறது என்று கண்ணால் தேட வேண்டியிருந்தது. எழுந்து உட்காரவே அவர் தசை தசையாக யோசித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு நடந்தார், வேலைக்குப் போனார். எல்லாம் கண்ணின் தயவால். நின்றுகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் சரிந்து விழுந்துவிடுவார். அவரைப் பற்றி ஜோனதன் கோல் என்ற மருத்துவர் 1991ல் ஒரு புத்தகமே எழுதினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பல்லாண்டுக் கடும் பயிற்சியும் அவருக்கு இழந்த உணர்வைத் திருப்பித் தரவில்லை. மிச்சமிருந்த கண்ணையும் கவனத்தையும் வைத்து வேறு வழியில் உடம்பை நடத்தக் கற்றுத்தந்தது. பயிற்சி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆடும் பலகையின் கதை 1965ல் தொடங்குகிறது. கணுக்கால் ஒருமுறை மடங்கிச் சுளுக்கியவர்களுக்கு அடிக்கடி அதே கால் மடங்குவது ஏன் என்று லண்டன் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் ஆராய்ந்தார். தசைநாணோடு அதிலுள்ள உணர்வு நரம்புகளும் அறுந்துபோகின்றன, ஆகவே கால் சாய்வது மூளைக்குத் தாமதமாகத் தெரிகிறது என்பது அவர் விளக்கம். அசையும் பலகையில் நின்று பழகினால் அந்தக் குறை தீரும் என்றார். பழகியவர்களுக்குக் கால் மடங்குவது உண்மையிலேயே குறைந்தது. பலகை உலகமெங்கும் பரவியது. கூடவே விளக்கமும் பரவியது.

விளையாட்டுக்காரர்களிடம் நடந்த சோதனைகளை வரிசையாக வைத்தால் சித்திரம் அவ்வளவு நேராக இல்லை. இத்தாலியில் 40 கால்பந்து அணிகளின் 600 ஆட்டக்காரர்களை மூன்று பருவங்கள் கவனித்த காரஃபா குழு, பலகைப் பயிற்சி பெற்ற பாதிப்பேரில் 10 பேருக்கும் பெறாத பாதிப்பேரில் 70 பேருக்கும் முழங்காலின் முன் சிலுவைத் தசைநாண் அறுந்ததாக 1996ல் எழுதியது. கண்ணைக் கவரும் எண்கள். ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காத அணிகள். நான்கே ஆண்டு கழித்து ஸ்வீடனில் பெண்கள் கால்பந்து அணிகளைக் குலுக்கலில் பிரித்துச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. அறுந்த ஐந்து சிலுவைத் தசைநாண்களில் நான்கு, பலகையில் பயிற்சி பெற்றவர்களுடையவை. நெதர்லாந்தின் கைப்பந்து ஆட்டக்காரர்களிடம் 2004ல் வெர்ஹாகன் குழு கண்டது இன்னும் நுணுக்கமானது. முன்பே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு மட்டும் பலகை உதவியது. முழங்காலில் பழைய காயம் உள்ளவர்களுக்கு அந்த முழங்கால் வலி கூடியது.

நார்வேயில் 15 முதல் 17 வயதுவரையுள்ள 1837 ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களிடம் நடந்து 2005ல் வெளிவந்த ஆய்வுதான் இந்தக் கூட்டத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது. முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகின. ஆனால் அங்கே பலகை தனியாக வரவில்லை. ஓடித் திரும்புவது எப்படி, குதித்து இறங்கும்போது முழங்காலைப் பாதத்துக்கு நேராக வைப்பது எப்படி, தொடைக்குப் பலம் சேர்ப்பது எப்படி என்று எல்லாம் கலந்த வார்ம்-அப் அது. 2009ல் மீண்டும் நெதர்லாந்தில், கணுக்கால் சுளுக்கி ஆறிய 522 பேரில் பாதிப்பேரை எட்டு வாரம் வீட்டிலேயே யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பயிற்சி செய்யவைத்தார்கள். ஓராண்டில் மறுபடியும் சுளுக்கியவர்கள், பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம்.

ஆகப் பலன் இருக்கிறது, முன்பு அடிபட்டவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. ஃப்ரீமன் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை. கணுக்கால் மடங்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். சாய்வை உணர்ந்து, சேதி முதுகுத்தண்டுக்குப் போய்த் திரும்பி, காலின் வெளிப்பக்கத் தசை முழு விசையோடு இழுப்பதற்குள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதற்குள் காரியம் முடிந்துவிடும். உணர்வி எவ்வளவு கூர்மையானாலும் இந்தப் பந்தயத்தில் முந்த முடியாது. பலகையில் நின்று பழகியவர் பாதம் தரையைத் தொடும் முன்பே தசையை இறுக்கிக்கொள்ளவும், காலை நேராக வைக்கவும் கற்கிறார் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன்-மில்லர் குழு 2001ல் நேரடியாகவே கேட்டது: உடற்பயிற்சியால் மூட்டுணர்வு மேம்படும் என்பதற்கு ஆதாரம் எங்கே? கண்ணை மூடி முழங்காலை ஒரு கோணத்துக்கு மடக்கி, நீட்டி, மறுபடி அதே கோணத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எத்தனை டிகிரி பிசகுகிறது என்று பார்ப்பது வழக்கமான அளவை. நல்ல முழங்காலே சில டிகிரி பிசகும். பயிற்சிக்குப் பின் அது குறைந்தாலும் உணர்வி மாறியதா, கவனம் கூடியதா, பரிசோதனையே பழகிப்போயிற்றா என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

சமநிலைக்கும் இதே கதை. ஒரு காலத்தில் இதை இருதயத்தின் தெம்பு போன்ற பொதுத் திறன் என்று கருதினார்கள். ஓரிடத்தில் வளர்த்தால் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்பது எண்ணம். ஜெர்மனியில் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2016ல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகிய செயலில் பெரிய முன்னேற்றமும் பழகாத செயலில் ஏறக்குறைய ஒன்றுமில்லாததும்தான் தெரிந்தன. இழுத்துக் கட்டிய பட்டையில் நடக்கப் பழகியவர் பட்டையில் நன்றாக நடந்தார், ஆடும் பலகையில் மற்றவர்களைப் போலவே தடுமாறினார். நம் ஊர்க் கலைகளைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு தரையில் கிடக்கும் பணத்தைக் குனிந்து எடுக்கிறவரைப் பொய்க்கால் குதிரை ஆடச் சொன்னால் அவரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதியவர்கள் விஷயத்தில்தான் இந்தக் கேள்விக்கு உயிர்நாடியான முக்கியத்துவம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். அதில் 80 சதவீதத்துக்கும் மேல் வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில். இங்கே ஆதாரமும் வலுவாகவே இருக்கிறது. 108 சோதனைகளையும் 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களையும் உள்ளடக்கிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2019ல் வந்தது. உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது. சமநிலையும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த பயிற்சியோடு தசைப் பலமும் கூட்டினால் 34 சதவீதம்வரை. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சிட்னியைச் சேர்ந்த கேத்தரின் ஷெரிங்டன். மூட்டுணர்வுக்குப் பெயர் வைத்தவரும் ஒரு ஷெரிங்டன் என்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

நம் குடும்பங்களில் ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்’ என்பதோடு அப்பாவின் உடற்பயிற்சி முடிந்துவிடுகிறது. நடை சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் நல்லது. விழாமலிருக்க அது மட்டும் போதாது. முன்பு கையெலும்பு முறிந்த பெண்களை வேகநடைக்கு அனுப்பிய ஒரு பிரிட்டிஷ் சோதனையில், 1997ல், நடந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். நேர்ப்பாதையில் தினமும் நடப்பது சமநிலைக்கு எந்தச் சவாலும் விடுவதில்லை. விழும் வாய்ப்பைக் கூட்டவும்கூடும். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, குதிகாலும் விரலும் தொட வரிசையாக அடிவைப்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடப்பது என்று கொஞ்சம் தடுமாறவைக்கும் அசைவுகள் வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ திட்டம் இப்படித்தான் அமைந்தது. பிசியோதெரபிஸ்டோ பயிற்சி பெற்ற நர்ஸோ வீட்டுக்கே வந்து சொல்லித்தருவார். வேண்டிய சாமான் கணுக்காலில் கட்டும் எடை மட்டும். விழுவது 35 சதவீதம் குறைந்தது.

என் கருத்துக்கு மிகவும் துணையாக நிற்பது அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயது தாண்டிய 200 பேரிடம் நடந்த ஆய்வு. ஸ்டீவன் வுல்ஃப் 1996ல் வெளியிட்டது. ஒரு பிரிவினர் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியைப் பழகினார்கள். இன்னொரு பிரிவினர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே மேடைமேல் உடம்பைச் சாய்த்து நிமிர்த்திப் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பேச்சு மட்டும். தாய்ச்சி பிரிவில் பலமுறை விழும் அபாயம் பாதியளவுக்குக் குறைந்தது. பிறகு கருவியில் ஏற்றி உடம்பின் ஆட்டத்தை அளந்தார்கள். மேடையில் பழகியவர்கள்தான் ஆடாமல் நின்றார்கள். தாய்ச்சிக்காரர்கள் கருவியின் கண்ணில் பழையபடியே ஆடினார்கள், ஆனால் விழும் பயம் அவர்களுக்குத்தான் குறைந்திருந்தது. ஆடாமல் நிற்பது வேறு, விழாமல் இருப்பது வேறு என்று இதைவிடச் சுத்தமாகக் காட்டிய ஆய்வை நான் பார்த்ததில்லை.

விழப்போகிற நொடியையே பயிற்சியாக்கினால்? சிகாகோவில் யீ-சுங் பாய் குழு 65 வயது தாண்டியவர்களுக்கு மேலிருந்து தொங்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டி, காலடியில் திடீரென்று வழுக்கும் தளத்தில் நடக்கவிட்டது. ஒரே அமர்வில் 24 வழுக்கல். அடுத்த ஓராண்டில் அவர்கள் விழும் அபாயம் பாதியானது. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பட்டை இல்லாத பயிற்சி வெறும் விபத்து.

விழுவதில் கவனத்துக்கும் பங்கு உண்டு. ஸ்வீடனின் ஒரு முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசுவதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். 1997ல் வெளியான இந்தச் சிறு ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு, ஏனென்றால் செலவில்லாமல் எவரும் கவனிக்கக்கூடியது. பாட்டி கோயிலுக்கு நடந்து வரும்போது பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா? நடையே அவருடைய முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மெல்ல நடந்துகொண்டே ஊர்ப் பெயர்களைச் சொல்லவைப்பதும் ஒரு பயிற்சிதான்.

நம் ஊரில் இந்தப் பேச்சைச் சர்க்கரை நோயைத் தொடாமல் முடிக்க முடியாது. ஐ.சி.எம்.ஆர். நிதியுதவியில் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்து 2023ல் வெளியிட்ட கணக்கெடுப்பு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. பல ஆண்டு சர்க்கரை, பாத நரம்புகளை முனையிலிருந்து தின்றுகொண்டு வரும். ‘பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு’, ‘செருப்பு கழன்று விழுந்ததே தெரியல’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். ரோம்பெர்க்கின் வாஷ்பேசின் இங்கே நம் குளியலறையாகிறது: ஈரத் தரை, மங்கிய விளக்கு, முகத்தில் சோப்பு. பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவைத்துத் தொட்டால் அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டியது. மெட்ஃபார்மின் மாத்திரை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறையலாம். அந்தக் குறை முற்றினால் ரோம்பெர்க் நோயாளிகளுக்குக் கெட்ட அதே முதுகுத்தண்டுத் தடங்களைக் கெடுக்கும். அங்கே முதல் சிகிச்சை ஊசி, பயிற்சி பிறகு.

இழந்த பாத உணர்வைப் பலகை மீட்டுத்தராது. வாட்டர்மன் கதைதான் இதற்கும் வழி காட்டுகிறது: மிச்சமிருப்பதை வைத்து நடத்த வேண்டும். இதில் விரல்நுனிக்கு ஒரு வியப்பான இடம் உண்டு. ஜெகாவும் லாக்னரும் 1994ல் காட்டியபடி, 100 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் ஒரு விரலால் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தாலே உடம்பின் ஆட்டம் நன்றாகக் குறைகிறது. அந்த அழுத்தம் உடம்பைத் தாங்கப் போதாது, ஆனால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லப் போதும். ராத்திரி பாத்ரூம் போகும் தாத்தா சுவரைத் தடவிக்கொண்டே போவதைப் பலவீனம் என்று பேரன் நினைக்கலாம். தாத்தா செய்வது சரி. படுக்கையிலிருந்து கழிவறைவரை தொடர்ந்து தொட்டுப்போக ஏதாவது இருக்கும்படியும் ஒரு சிறு விளக்கு எரியும்படியும் செய்வது பல பயிற்சிக் கருவிகளைவிட மலிவு. படியிறங்கும்போது அடிப்பகுதியில் படிக்கும் பவர் உள்ள கண்ணாடி படியை மங்கலாக்கும் என்பதையும் கவனித்தால் நல்லது. தூக்க மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது இன்னும் நல்லது.

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றியது ‘பத்து விநாடி ஒற்றைக்கால்’ பரிசோதனை. பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரையுள்ள 1702 பேரிடம் நடந்து 2022ல் வெளிவந்த ஆய்வு அதன் மூலம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நிற்க முடியாமல் தோற்றார். தோற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 84 சதவீதம் கூடுதல். செய்தி பரவியதும் பலர் வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கத் தொடங்கினார்கள், ஆயுள் கூடும் என்று. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தோற்றவர்களிடம் சர்க்கரையும் பருமனும் இருதய நோயும் அதிகமாக இருந்தன. நிற்க முடியாமை அவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். தோற்றவர் முதலில் சர்க்கரை, பி12, பார்வை, காது, சாப்பிடும் மாத்திரைகள் என ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பயிற்சி. வாரத்துக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல், சமநிலைக்குச் சவால்விடும் வகையில் செய்த திட்டங்களில்தான் பலன் அதிகம் என்று 2017ல் கேத்தரின் ஷெரிங்டன் குழு கணக்கிட்டது. ஒரே மூச்சில் அத்தனை நேரம் யாராலும் முடியாது; துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். சமையல் மேடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, பால் பொங்கும்வரை ஒற்றைக்கால். அது எளிதானால் விரலை எடுத்துவிட்டு, மேடை கைக்கெட்டும் தூரத்திலேயே. அதுவும் எளிதானால் தலையை இடமும் வலமும் திருப்பியபடி. கண்ணை மூடுவது கடைசிப் படி. பாத உணர்வு குறைந்தவர்கள் அந்தப் படிக்குப் போகவே வேண்டாம்.